டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

கார்த்திகேசன் முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டினார். பெரும்பாலும் கடலூர்–சிதம்பரம் தடம். ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை. ஓய்வு பெற்ற ஆறாவது மாதத்தில் இரண்டு முறை கீழே விழுந்தார். இரண்டும் சைக்கிளிலிருந்து. இரண்டும் வண்டி நின்றுகொண்டிருந்தபோது.

சைக்கிள் வந்தது சர்க்கரை வியாதியால். தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். நடப்பதற்கா இத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன் என்று கேட்டுவிட்டு வந்தார் கார்த்திகேசன். சைக்கிள் என்றால் யோசிக்கலாம் என்று மகளிடம் போனில் சொன்னார். மகள் அனுப்பிரியா சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கார்களின் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துச் சோதிக்கும் வேலை. வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பாள். இடுப்பிலிருந்து குதிகால் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று மட்டும் கேட்டாள். பேன்ட் தைக்கப்போகிறாள் என்று நினைத்து, ஒரு சென்டிமீட்டர் கூட்டியே சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, ஆம்னி பஸ்ஸின் வயிற்றிலிருந்து ஒரு பந்தய சைக்கிள் இறங்கியது. அவளோடு வேலை செய்பவன் பந்தயத்துக்கு ஓட்டியது. வெளிநாட்டில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் ஓட்டும் அதே ரகம்.

டெப்போவில் காலையில் வண்டி எடுக்கும் முன் சுற்றிப் பார்ப்பதுபோல் கார்த்திகேசன் அதைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார். ஸ்டாண்டு இல்லை. மணி இல்லை. மட்கார்டு இல்லை. கேரியர் இல்லை. பூட்டு இல்லை. ஹேண்டில்பார் செம்மறிக்கடா கொம்புபோல் கீழே வளைந்திருந்தது. அவர் மனைவி இளவரசி சமையலறையிலிருந்து வந்து சீட்டை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இத செஞ்சவனுக்கு ஒக்கார்ற எடமே இல்லியா?"

பிறகு ஒரே கையால் வண்டியைத் தூக்கினாள். அரிசி மூட்டையில் கால்வாசிகூட கனமில்லை, உள்ளே ஒன்றுமே இல்லை, பிள்ளையை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றாள். அது கார்பன், உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் அதன் மதிப்பு என்று மகள் போனில் விளக்கினாள். இளவரசி நம்பவில்லை.

ஸ்டாண்டு விஷயம்தான் கார்த்திகேசனை உறுத்தியது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் முடிவு சொன்னார்.

"இத ஓட்டுற வெள்ளக்காரன் எறங்கும்போது புடிச்சிக்க ஆளு இருக்கும். இது கண்டக்டர் இருக்கறவன் வண்டி."

முதல் முறை விழுந்தது செம்மண்டலம் சிக்னலில். காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு. சிவப்பு விளக்கைப் பார்த்து நேர்த்தியாக நிறுத்தினார். காலைக் கழற்ற மறந்துவிட்டார். ஒரு ஆட்டோவின் பக்கம் மெதுவாக, மரம் சாய்வதுபோல் சாய்ந்தார். அன்றே பெடலை மாற்றினார்கள். இரண்டாவது முறை ஆலப்பாக்கம் டீக்கடையில். டீயை வாங்கிக்கொண்டு, பஸ்ஸின் மேல் சாய்கிற பழக்கத்தில் சைக்கிள்மேல் சாய்ந்தார். பஸ் பத்து டன். இது ஏழரைக் கிலோ. டீயோடு சேர்ந்து மூவரும் விழுந்தார்கள்.

மணிக்கட்டு வீங்கியது. அனுப்பிரியா சென்னையிலிருந்து வந்து எக்ஸ்ரே படத்தைப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை.

"மூணாவது தடவ வுழுந்தா வண்டிய வித்துருவேன்," என்றாள்.

சொன்னால் செய்வாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும்.

அதற்குள் அந்தச் சைக்கிள் இல்லாமல் முடியாது என்று ஆகியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். போக ஓர் இடம் வேண்டும். அதே சாலையில், பின்னால் அறுபது பேர் இல்லாமல் போவது அவருக்குப் புதிதாக இருந்தது. வெள்ளாற்றுப் பாலம் ஒரு மேடு என்பதே அப்போதுதான் தெரிந்தது. பஸ் அதை அவரிடம் சொன்னதில்லை. சர்க்கரை குறைந்தது. இளவரசியோடு சண்டையும் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் டவுன் ஹால் வாசலிலிருந்து விடியற்காலை கிளம்பும். சிதம்பரம் போய், கீழ வீதியில் இட்லியும் கொத்சுவும் சாப்பிட்டுத் திரும்பும். நாற்பத்தைந்து கிலோமீட்டர் மிதித்து எரித்ததை அரைமணியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். மீதி நேரமெல்லாம் சைக்கிள் பேச்சு. கூட்டத்துக்குத் தலைவர் பல் டாக்டர் அன்பரசு. அவரிடம் ஐந்து சைக்கிள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டு அடுத்ததை வாங்கியவர். கார்த்திகேசன் தன் வண்டிக்கு ஒரு பித்தளை மணி மாட்டியபோது அவர்தான் மிகவும் வருந்தினார். ஒரு கிராம் குறைக்க வெள்ளைக்காரன் தூக்கமில்லாமல் உழைத்திருக்கிறான், நீங்கள் இருநூறு கிராம் மணியைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்றார். ஹாரன் இல்லாத வண்டியை டெப்போ கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள் என்று கார்த்திகேசன் பதில் சொன்னார். மணி அப்படியே இருந்தது.

ஆயுத பூஜை வந்தது.

இளவரசி வீட்டுக்குள் மிக்சி, கிரைண்டர், தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தாள். வாசலில் நின்ற சைக்கிள் கார்த்திகேசனின் பொறுப்பு. பஸ்ஸுக்கு அவர் செய்கிற முறை ஒன்று உண்டு. முதலில் எண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும். அப்போதுதான் சந்தனம் எடுப்பாக இருக்கும். பிறகு குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

பஸ்ஸில் பொட்டு வைக்க எவ்வளவோ இடம். இந்த வண்டியில் எதுவும் விரல் அகலத்துக்குமேல் இல்லை. சக்கரத்தின் நடுவில் மட்டும், வெள்ளித் தட்டுபோல் ஒரு வட்டத் தகடு மின்னியது. சந்தனம் வைப்பதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. டிஸ்க். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சின்னக் கட்டைகள் அந்தத் தகட்டைத்தான் கவ்வி வண்டியை நிறுத்தும். கார்த்திகேசன் இரண்டு டிஸ்க்கையும் தேங்காயெண்ணெய் போட்டு இரு பக்கமும் துடைத்தார். ஒவ்வொரு பக்கமும் மூன்று சந்தனப் பொட்டு. மொத்தம் பன்னிரண்டு. மேலே குங்குமம். எலுமிச்சம்பழம்தான் தொந்தரவு கொடுத்தது. டயர் மெலிசு. பழம் நசுங்காமல் வழுக்கி எதிர்வீட்டுக்குப் போனது. மூன்றாவது முயற்சியில் நசுங்கியது.

மறுநாள் காலை தெருமுனையில் பிரேக்கைப் பிடித்தார். முதுநகர் ஸ்டேஷனுக்குள் சரக்கு ரயில் வந்து நிற்பதுபோல் ஒரு ஊளை எழுந்தது. தெருநாய்கள் நான்கும் எழுந்து பதில் சொன்னன. பால்காரர் ஓரமாக ஒதுங்கி, பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தார்.

அன்று மாலை மகள் போன் செய்தாள். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"சூப்பரா இருக்குது," என்றார்.

பிரேக்குகளைப் பற்றி இந்த ஜில்லாவிலேயே அதிகம் தெரிந்த ஆள் அவர் பெற்ற பெண். அவளிடம் கேட்க முடியாது. பிரேக் சரியில்லை என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆகவே அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கீழ வீதியில் விசாரணை நடந்தது. டாக்டர் அன்பரசு இதை எதிர்பார்த்ததாகச் சொன்னார். பந்தய சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் என்பதே தவறான வடிவமைப்பு, சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிற பழைய பிரேக்தான் இயற்கை, நடுவில் கொண்டுபோய்ப் பிடிப்பது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கத் தாடையை ஆட்டுவது மாதிரி என்றார். சிதம்பரத்தில் இயற்பியல் கற்பிக்கும் பேராசிரியர் செந்தமிழ்செல்வன் அதை மறுத்தார். டிஸ்க் குற்றமற்றது, குற்றம் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கார்பன் கவட்டில். அது அளவுக்கு மீறி விறைப்பு, ஆகவே வீணைபோல் அதிர்கிறது. வாழையிலையில் கொத்சுவைத் தொட்டு ஒரு வரைபடம் போட்டார். ஓட்டுகிறவரின் எடையும் இதில் சேர்த்தி என்றும், கார்த்திகேசன் நான்கு கிலோ குறைந்தால் சத்தம் காதுக்குக் கேட்காத உயரத்துக்குப் போய்விடும் என்றும் கணக்குச் சொன்னார். கார்த்திகேசன் ஏழாவது இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

கவட்டில் டேப் சுற்றிப் பார்த்தார்கள். ஹேண்டில்பாரை அரை அங்குலம் இறக்கினார்கள். சீட்டை ஏற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. கார்த்திகேசனின் இடுப்புதான் மாறியது.

இளவரசிக்கு வேறு கருத்து. ஊரே கண் வைக்கிற வண்டி, திருஷ்டி பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை சைக்கிளுக்குச் சுற்றிப் போட்டாள். பழைய சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்ததால் துடைத்து, எண்ணெய் தடவி, புதுசு வைத்தாள். மறுநாள் சத்தம் கூடியது. எவ்வளவு பெரிய கண் என்று பாருங்கள் என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வைத்தாள்.

புதன்கிழமை மஞ்சக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ராஜவேலிடம் போனார் கார்த்திகேசன். நாற்பது வருடமாகச் சைக்கிள் பழுது பார்க்கிறவர். ஆனால் டிஸ்க் வைத்த பந்தய சைக்கிள் அவர் கடைப் படியை மிதித்ததில்லை. சுற்றிப் பார்த்து, இதைச் செய்தவன் நம் ரோட்டைப் பார்க்காதவன், நம் உடம்பையும் பார்க்காதவன் என்று தீர்ப்புச் சொன்னார். பல் டாக்டரும் பேராசிரியரும் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"சத்தம் வந்தா எண்ணெ வுடணும். இதுக்கு எதுக்கு டிரைவரண்ணே படிச்சவங்ககிட்டல்லாம் போறீங்க?"

டிஸ்க்குக்கு நான்கு சொட்டு விட்டார். சத்தம் உடனே நின்றது. கார்த்திகேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் மட்டுமல்ல, எல்லாமே நின்றுவிட்டது, வண்டியைத் தவிர. வியாழக்கிழமை காலை தன் தெருவுக்குள் திரும்பிப் பிரேக்கைப் பிடித்தார். வெண்ணெய்க் கட்டியைக் கத்தரிக்கோலால் பிடிப்பதுபோல் இருந்தது. தெருக்கோடியில் யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேக் போனால் மேட்டில் ஏற்று என்பது அவர் பயிற்சியில் முதல் பாடம். தெருவில் இருந்த ஒரே மேடு ஒரு லோடு மணல். பித்தளை மணியை விடாமல் அடித்துக்கொண்டே நேராக அதில் ஏறினார். முன்சக்கரம் பாதிவரை புதைந்தது. வண்டி அப்படியே நின்றது. அவரும் அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இளவரசி ஓடி வந்தாள்.

"வுழுவல," என்றார் கார்த்திகேசன். "நிறுத்தினேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதற்கு மறுநாள் தீபாவளி. அனுப்பிரியா வெள்ளிக்கிழமை காலையில் வருகிறாள். மணல் விஷயத்தைச் சொல்லக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கினார். இளவரசி அந்தச் சத்தியத்தைப் பதினோரு நிமிடம் காப்பாற்றினாள். காபி ஆறும் முன்பே மகள் வாசலில் சைக்கிள் முன் குந்தியிருந்தாள்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். டிஸ்க்கைத் தொடவில்லை. மூக்கை மட்டும் அருகே கொண்டுபோனாள்.

"டிஸ்க்குல யாரு சந்தனம் வெச்சது?"

கார்த்திகேசன் எதிர்வீட்டைப் பார்த்தார்.

"பூஜைக்கு அப்பா வெச்சாரு," என்றாள் இளவரசி. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் வெச்சேன். இன்னிக்கிதான் இன்னும் வெக்கல."

"எண்ணெ?"

"எண்ணெ தொடைச்சாத்தான பளபளன்னு இருக்கும். ராஜவேலு வேற நாலு சொட்டு வுட்டாராம்."

அனுப்பிரியா படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கார்த்திகேசன் பயந்துபோனார். அவள் நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"எங்க லேப்ல டிஸ்க்க வெறுங்கையால தொட்டாலே அன்னிக்கி டெஸ்ட்டு செல்லாதுப்பா. ஒரு வெரல் பட்டா போதும். நீங்க அபிஷேகமே பண்ணிருக்கீங்க."

சிரிப்பு அடங்கியது. பத்தொன்பது நாள் என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள். பத்தொன்பது நாள் பிரேக் இல்லாத வண்டியில் கடலூர் டவுனில் சுற்றியிருக்கிறார்.

"ஏம்பா எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா வண்டி போயிடும்."

"வித்துருவேன்னு சொன்னது நீ வுழக் கூடாதுன்னு."

"தெரியும்."

"தெரிஞ்சா கேட்டிருக்கணும்."

அவள் எழுந்து பல் டாக்டருக்குப் போன் செய்தாள். டிஸ்க்கைக் கழுவ ஸ்பிரிட் வேண்டும், எண்ணெய்ப் பசை இல்லாததாக. அன்பரசு கிளினிக்கிலிருந்து அவரே ஒரு பாட்டிலோடு வந்தார். இவ்வளவு நாளும் மருந்து தன் மேஜைமேல் இருந்திருக்கிறது என்பது அவருக்குச் சற்று வருத்தம்தான். ஆனாலும் விளிம்பு பிரேக்காக இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கட்டைகள் எண்ணெய் குடித்துவிட்டன, உதவாது. புதுசு வேண்டும். வண்டியோடு ஒரு சின்ன டப்பா கொடுத்தேனே, பத்திரமாக வை என்றேனே என்று மகள் கேட்டாள். பத்திரமாகத்தான் இருந்தது. பீரோவில், இன்சூரன்ஸ் பத்திரங்களோடு, பிரிக்காமல். சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டாள்.

தீபாவளி விடியற்காலை அடுத்த உத்தரவு போட்டாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் யாரும் வண்டி இருக்கும் பக்கம் வரக்கூடாது. கார்த்திகேசன் அன்று முழுக்க ஜன்னல் வழியாகத்தான் சைக்கிளைப் பார்த்தார்.

ராத்திரி சாப்பிடும்போது நிபந்தனையைச் சொன்னாள். நாளை ஞாயிறு. சிதம்பரம் வரை அவர் ஓட்டிக் காட்ட வேண்டும். அவள் பின்னாலேயே வருவாள். திருப்தியாக இருந்தால் வண்டி அவருடையது. இல்லையென்றால் அதே வண்டியை அவள் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவாள். பேரம் கிடையாது.

அன்பரசுவின் ஐந்து சைக்கிளில் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டாள். டவுன் ஹால் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. சந்தனக் கதை அதற்குள் பரவிவிட்டது. யாராவது கற்பூரம் கொண்டுவந்தீர்களா என்று ஒருவர் கேட்டார். கார்த்திகேசன் காதில் வாங்கவில்லை. டயரை மூன்றாவது தடவையாகக் காலால் தட்டிப் பார்த்தார். முதல் நாள் பஸ்ஸை எடுத்தபோதுகூட இப்படி இல்லை.

மகள் அருகில் வந்து சொன்னாள். புதுக் கட்டை டிஸ்க்கோடு பழக வேண்டும். வேகமாகப் போய்ப் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். நடக்கிற வேகத்துக்கு வந்ததும் விட்டுவிட வேண்டும். முழுசாக நிற்கவே கூடாது. நின்றால் கட்டை டிஸ்க்கில் ஒட்டிக் கெட்டுவிடும். இப்படி இருபது தடவை.

"நிக்கிற மாதிரி வரணும். ஆனா நிக்கக் கூடாது. முடியுமா?"

கார்த்திகேசன் அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற பேராசிரியரைப் பார்த்தார். முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத ஒரு களை வந்தது.

"முப்பத்தொரு வருஷமா வேற இன்னா பண்ணினேன்?"

முதுநகர் நிறுத்தத்தில் முதல் பிரேக். ஊளை இல்லை. சாலையோரம் நின்றவர்கள் ஒரு காலைத் தூக்கி வைக்கலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வேகத்தைக் குறைத்து, அவர்கள் முடிவெடுக்கும் முன் எடுத்துவிட்டார். காரைக்காட்டில் அதேபோல. பூண்டியாங்குப்பத்தில் அதேபோல. பிரேக்கை எந்த மரத்தில் தொட வேண்டும், எந்தக் கடை வாசலில் விட வேண்டும் என்று கைக்கே தெரிந்திருந்தது. ஆலப்பாக்கம் டீக்கடை வாசலில் பழைய பகையோடு பிடித்து விட்டபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரைட்."

மகள்தான். கண்டக்டர் சொல்கிற அதே தொனி. சின்ன வயதில் லீவு நாளில் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு எல்லா நிறுத்தத்துக்கும் சொன்னாள்.

புதுச்சத்திரத்தில் மீன்கூடையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். பழைய பயணி. சைக்கிள் வேகம் குறைந்து, நிற்பதுபோல் வந்து, நிற்காமல் கடந்தது. அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன் டிரைவரே, சைக்கிள்ளகூட நிறுத்த மாட்டியா நீ?"

பின்னால் வந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் சைக்கிள் வரிசை கலைந்தது. கார்த்திகேசன் மணியை இரண்டு முறை அடித்து மரியாதை செய்தார்.

வெள்ளாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் பத்தொன்பது. சிதம்பரம் வண்டிகேட்டில் இருபது. இருபதாவதற்கு நிற்கலாம் என்று சொல்லியிருந்தாள். எதிரே ஒரு மாடு குறுக்கே வந்தது. அவர் இரண்டு விரலால் பிடித்தார். வண்டி மாட்டுக்கு ஒரு முழம் முன்னால், சத்தமே இல்லாமல், நட்டதுபோல் நின்றது. மாடு அவரைப் பார்த்துவிட்டுப் போனது.

அவர் காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து நின்றாள். முன்டிஸ்க்கைக் குனிந்து பார்த்தாள். பின்டிஸ்க்கையும் பார்த்தாள். மறுபடி தன் சைக்கிளில் ஏறினாள்.

கீழ வீதி வந்ததும் எல்லாரும் சைக்கிளைச் சாய்க்கச் சுவர் தேடினார்கள். சுவர் நிறைந்துவிட்டது. கார்த்திகேசன் வண்டியைப் பிடித்தபடி ஸ்டாண்டு இல்லாத பக்கத்தைப் பார்த்தார். அனுப்பிரியா ஹேண்டில்பாரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நீ போயி சாப்புடுப்பா. ஒன் வண்டிய நான் புடிச்சிக்கறேன்."

அவர் எட்டு இட்லி சாப்பிட்டார். பேராசிரியர் கொத்சுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

கார்த்திகேசன் அடுத்த மாசியில் இறந்தார். மதியம், நாற்காலியில், தூக்கத்தில். சைக்கிளுக்கு அதில் சம்பந்தமில்லை. மூன்றாவது முறை அவர் விழவே இல்லை.

வண்டி இப்போது ஒரகடத்தில் அனுப்பிரியாவின் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. இந்த ஆயுத பூஜைக்குப் பித்தளை மணிக்கு மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். அன்று சாயங்காலம் கடலூரிலிருந்து இளவரசி போன் செய்தாள்.

"டிஸ்க்குல கிஸ்க்குல வெச்சுடாத பாப்பா. பிரேக்கு புடிக்காது."

"சரிம்மா," என்றாள் அனுப்பிரியா.